இரண்டு மாலைகள், நான்கு நாடகங்கள்

சென்ற பாடசாலை விடுமுறையில் ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றின் பொருட்டு மூன்று நாட்கள் கொழும்பிலே தங்க நேர்ந்தது. உயர்தர வகுப்பிலே நாடகமும் அரங்கியலும் பயிலும் என் மகளும் உடன் வந்தாள். வெள்ளவத்தையில் என் தங்கை வீட்டிலே தங்கினோம். பகற்பொழுது முழுவதும் கருத்தரங்குக்கு உரியது. மூன்றாம் நாள் இரவு புகையிரதம் ஏறவேண்டும். எனவே, எமக்கென்று எஞ்சியவை இரண்டே மாலைகள்.

அந்த வாரமோ நகரில் நான்கு நாடகங்கள். பம்பலப்பிட்டியிலே தமிழ்ச் சமூக நாடகம் ஒன்று. பாடசாலை மாணவர் நடிக்கும் ஆங்கில இசை நாடகம் ஒன்று. சிரித்துச் சிரித்து வயிறு நோகும் என்று பலராலும் சொல்லப்பட்ட சிங்கள நகைச்சுவை நாடகம் ஒன்று. லயனல் வென்ற் அரங்கிலே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’. நான்கையும் காண்பதற்குப் பொழுதும் இல்லை; ஆசிரியனின் சட்டைப்பையில் அதற்கான பணமும் இல்லை.

நகரத்து உறவினரிடம் யோசனை கேட்டால் அதற்குப் பஞ்சமில்லை. ஒளியமைப்பும் ஆடையணியும் மிகச் சிறப்பாயிருக்கும், ஆங்கில நாடகத்துக்கே போங்கள் என்றார் மைத்துனர். ஊரிலே கிடையாத சிரிப்பைச் சிரித்துவிட்டுப் போங்கள் என்றாள் தங்கை. இருவர் சொன்னதும் நியாயமே. ஆயினும், பிறர் சுவைத்த பண்டம் நமது நாவுக்கும் சுவைக்கும் என்று யார் உறுதி கூறுவார்?

வகுப்பறைப் பழக்கம் விடவில்லை. ஒரு தாளிலே நான்கு பெயர்களையும் எழுதினேன். எதற்குப் புகழ் அதிகம், எதற்குக் கட்டணம் குறைவு, எந்த அரங்கிலிருந்து இரவிலே வீடு திரும்புதல் எளிது என்று ஆராய்ந்தேன். இவையெல்லாம் தேவையான கேள்விகளே. நாடகம் முடிந்த பின்னர் பஸ் வண்டி இல்லாது தெருவிலே நிற்பவன் கலையின்பத்தைப் பற்றிப் பேசமாட்டான். எனினும் இக்கேள்விகளுக்கு விடை கண்ட பின்பும் தெரிவு முடியவில்லை. அப்பொழுது வேறொரு கேள்வி எழுந்தது: இவற்றுள் எதனை இவ்விடத்தில் அன்றி வேறெங்கும் காண இயலாது?

இக்கேள்வியின் முன் சில முடிச்சுகள் தாமே அவிழ்ந்தன. நகைச்சுவை என்பது மொழியின் மடியிலே வளர்வது. ஒரு சொல்லின் இரட்டைப் பொருளும், தெருவிலே வழங்கும் கேலியும் விளங்காதவன், மற்றவர் சிரித்து முடிந்த பின்னர் சிரிக்கவேண்டியவனாவான். ஆகவே அதனை நீக்கினேன். தமிழ் நாடகத்தை நம்மவர் முயற்சி என்ற கடமையாலும், மகளின் கல்விக்கு உதவும் என்ற பயன் கருதியும் முதல் மாலைக்கு வைத்துக்கொண்டோம். எஞ்சிய மாலைக்கு ஆங்கில நாடகமா, ‘மனமே’யா என்பதே வழக்கு.

என் மனம் ஆங்கிலத்தின் பக்கமே சாய்ந்தது. சிங்களம் அறியாதவன் சிங்கள நாடகத்துக்குப் போய் என்ன செய்வது என்று மகளிடம் காரணம் சொன்னேன். அவள் விடவில்லை.

“அப்பா, புத்தகத்திலை எத்தனை தரம் படிச்சிட்டன். ஒருக்கால் கண்ணாலை பார்ப்பமே?” என்றாள்.

நான் சொன்ன காரணம் பொய்யன்று. ஆயினும் முழு உண்மையும் அன்று. 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் நின்றபோது நான் சிறுவன். அது மீண்டும் வந்தது 2014 இலேதான். இடைப்பட்ட காலத்தில் நான் கேட்ட சிங்களம் பெரும்பாலும் சோதனைச் சாவடியிலே கேட்டது. நில், இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு என்ற அளவே அம்மொழியோடு எனக்கு உறவு. அந்த மொழியிலே ஒருவன் பாடுவதை இரண்டு மணி நேரம் அமர்ந்து கேட்க என் செவி இணங்குமா என்ற அச்சமே உள்ளே இருந்தது. இதனை மகளிடம் எவ்வாறு சொல்வேன்? அவளுக்கு அந்த நினைவு இல்லை. என் நினைவை அவள் தோளிலே ஏற்றுவது நியாயமும் அன்று. ‘மனமே’க்கே இரண்டு நுழைவுச்சீட்டுகள் வாங்கினேன்.

முதல் நாள் இரவே கதையை மகள் எனக்குச் சொன்னாள். அன்று அவள் ஆசிரியை, நான் மாணவன். குருவின் மகளை மணந்துகொண்டு காட்டுவழியே ஊர் திரும்புகின்றான் மனமே இளவரசன். வேடர் தலைவன் குறுக்கிட்டு அவளைத் தனக்குத் தரும்படி கேட்கின்றான். போர் மூள்கிறது. வேடனை மடக்கிய இளவரசன் வாளைத் தருமாறு மனைவியிடம் கேட்க, அவள் தயங்குகின்றாள். தன் கூட்டத்தை ஏவிவிடாமல் தனித்து நின்று பொருதவன் அல்லவா என்று வேடனுக்காகப் பரிந்து பேசுகின்றாள். அந்த ஒரு கணத்திலே நிலைமை மாறிக் கணவன் மாள்கின்றான். பழைய சாதகக் கதை பெண்ணையே பழிக்கின்றது. சரச்சந்திர பழி முழுவதையும் அவள் தலையிலே சுமத்தவில்லை.

அரங்கிலே விளக்கு மங்கியது. மத்தளம் ஒலித்தது. ‘பொத்தே குரு’ என்னும் கதை சொல்பவர் முன்வந்து பாடத் தொடங்கினார். எனக்கு உடல் சிலிர்த்தது. எங்கள் ஊர் அம்மன் கோவில் முன்றலிலே, மின்சாரம் இல்லாத இரவுகளில், தந்தையின் மடியிலே கிடந்து பார்த்த காத்தவராயன் கூத்து என் கண்முன் வந்து நின்றது. பாத்திரங்கள் ஆடிக்கொண்டே வரும் வரவு, ஒருவர் பாட மற்றவர் ஏற்றுப் பாடும் முறை, காடோ அரண்மனையோ திரையிலே எழுதப்படாமல் பாட்டினாலேயே எழுப்பப்படும் விதம் ஆகிய யாவும் எனக்குப் பழக்கமானவை. சொற்களிற் பாதி விளங்கவில்லை. ஆயினும் வழி தவறவில்லை.

இது தற்செயலான ஒற்றுமை அன்று. சரச்சந்திர அடித்தளமாகக் கொண்டது ‘நாடகம’ என்னும் சிங்கள நாட்டார் அரங்கு. தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்து மரபிலிருந்து கரையோரச் சிங்களவரிடையே பரவியது அது. பெயரே நமது சொல். ‘மனமே’ முதன்முதலில் மேடையேறியது 1956 நவம்பர் 3 ஆம் நாள், இதே லயனல் வென்ற் அரங்கிலே. சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டம் பிறந்ததும் அதே 1956 இலேதான். சட்டசபையிலே மொழிகள் பிரிந்துகொண்டிருந்த ஆண்டில் மேடையிலே அவை ஒரே தாளத்துக்கு ஆடின என்பதை எண்ணும்போது மனம் கனக்கின்றது. அந்த வெற்றி தந்த உந்துதலிலேதான் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்துகளைச் செம்மைப்படுத்திக் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றினார். கொடுத்ததும் பெற்றதும் இவ்வாறு இரு கரையிலும் உண்டு.

நாடகம் முடிந்து எழுந்தபோது, அருகிலிருந்த சிங்களப் பெரியவர் ஒருவர் ஆங்கிலத்திலே எங்களை விசாரித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. தாம் இளமைப் பருவத்திலே இந்நாடகத்தைப் பார்த்ததாகவும், இது பல தடவை பார்த்தது என்றும் கூறினார். பின்னர், “உங்கள் ஊரிலே கூத்து இன்றும் நடைபெறுகிறதா?” என்று கேட்டார்.

நடைபெறுகிறது என்றேன். எப்போது பார்த்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலைகுனிந்திருப்பேன். எங்கள் ஊர்க் கூத்தை நான் பார்த்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. பரீட்சை, பிரத்தியேக வகுப்பு, களைப்பு என்று ஆண்டுதோறும் ஒரு சாட்டு. நகரத்திலே நான்கு நாடகங்களை நிறுத்துப் பார்த்தவன், வீட்டு வாசலுக்கு வந்த கூத்தைத் தராசிலே வைக்கவும் இல்லை.

திரும்பும் வழியிலே புகையிரதத்தில் மகளும் நானும் வாதிட்டுக்கொண்டே வந்தோம். பிழை இளவரசியுடையதா, வேடனுடையதா, தன் வலியைப் பெரிதென எண்ணிய இளவரசனுடையதா? வவுனியா கடந்தும் தீர்ப்புக் கிடைக்கவில்லை. வாளைக் கையிலே வைத்துக்கொண்டு ஒரு கணம் தயங்குவதே குற்றமா என்று அவள் கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

குறுகிய பயணத்திலே எந்த நாடகத்தைப் பார்ப்பது என்று என் மாணவர் கேட்டால், இனி இவ்வாறு கூறுவேன்: ஒரு மாலைக்கு ஒரு நாடகம் போதும். கதையை முன்னரே அறிந்துகொண்டு செல்லுங்கள். வேறெங்கும் காண இயலாததைத் தேடுங்கள். இரண்டில் ஒன்றைக் காண மனம் அஞ்சினால், அஞ்சுவது ஏன் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே நீங்கள் காணவேண்டியதாக இருக்கும்.

அடுத்த மாதம் எங்கள் அம்மன் கோவிலிலே காத்தவராயன் கூத்து. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடைபெறும் என்று அறிவித்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. பாயும் போர்வையும் எடுத்து வைக்கும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.