ஒரு உயிர் அனுப்புடா!

காலை எட்டே முக்கால். தாம்பரத்திலிருந்து பீச் போகும் எலெக்ட்ரிக் ட்ரெயின். ஒரு கை மேலே கம்பியில், இன்னொரு கையில் டிபன் பை, மூக்குக்கு நேரே முன்பின் அறியாத ஒருவரின் அக்குள். இந்த நேரம் பார்த்து சட்டைப் பையில் செல்போன் கதறியது.

"டேய், ஒரு உயிர் அனுப்புடா. அவசரம்!"

அப்பாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. காவிரிக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடும் குரல்தான் எப்போதும். பக்கத்தில் நின்ற ஆசாமி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரை அடி நகர்ந்துகொண்டார். அந்த நெரிசலில் அரை அடி கிடைப்பது சாதாரண விஷயமா சார்! அன்றிலிருந்து அப்பாவின் போனை ட்ரெயினில் தவறாமல் எடுக்கிறேன்.

பயப்படாதீர்கள். என் அப்பாவுக்கு வயது 72. திருவையாற்றில் தனியாக இருக்கிறார். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர். இப்போது முழுநேர உத்தியோகம், கேண்டி க்ரஷ்.

2012-ல் வந்த விளையாட்டு இது. ஒரே நிற மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்த்தால் உடையும். தோற்றால் ஓர் உயிர் போகும். மொத்தம் ஐந்தே உயிர்கள். போன உயிர் ஒன்று திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். பொறுமையில்லாதவர்கள் நண்பர்களிடம் இரவல் உயிர் கேட்கலாம். அப்பாவின் நண்பர் குழாமில் இருப்பது ஒரே ஆள். இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும் அப்பாவி. இதற்காகவே நானும் அந்த விளையாட்டை என் போனில் ஏற்றிக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 2000-ஆம் வருஷம், நான் ஏழாம் வகுப்பு. மாமா ஒருவர் டி.வி.யில் மாட்டி ஆடும் வீடியோ கேம் பெட்டி வாங்கிக் கொடுத்தார். கேஸட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது ஏழெட்டு ஆட்டம்தான், அதையே திருப்பித் திருப்பிக் காட்டும். (கணக்கில் தில்லுமுல்லு என்றால் என்ன என்பதை பி.காம். சேருவதற்கு முன்பே எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த கேஸட்தான்.) கால் பரீட்சையில் கணக்கில் 31 வாங்கிய அன்று, அப்பா அந்தப் பெட்டியை ஒயரோடு பிடுங்கி நெல் பத்தாயத்துக்குள் போட்டுவிட்டார்.

"இதையே நோண்டிக்கிட்டிருந்தா மூளை மழுங்கிடும்டா!"

அதே அப்பாதான் இன்று 'லெவல் 640 தாண்டிட்டேன்' என்று ராத்திரி பத்து மணிக்கு போன் செய்கிறார்.

தொடங்கி வைத்தது என் அக்கா மகள். அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா இருந்தவரை சாயங்கால விளக்கு வைத்ததும் கூடத்தில் பல்லாங்குழிப் பலகை இறங்கிவிடும். பதினாலு குழி, ஒரு டப்பா புளியங்கொட்டை, இரண்டு பேர். அம்மா கணக்கில் புலி. சங்கத்தின் வரவு செலவையே பார்த்த அப்பா, ஒரு நாளும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. அம்மா போன பிறகு பலகை பரணுக்குப் போய்விட்டது. "பல்லாங்குழிக்கு ரெண்டு பேர் வேணும்ல" என்றார் அப்பா ஒரே ஒரு தடவை. அப்புறம் எதுவுமே பேசவில்லை. லீவுக்குப் போன பேத்திதான், "தாத்தா, இதுக்கு ஒரு ஆள் போதும்" என்று போனைக் கையில் திணித்துவிட்டு வந்தாள்.

அப்பா அதைத் தஞ்சாவூர்க்காரராகவே புரிந்துகொண்டார். "ஐயாறுன்னா அஞ்சு ஆறு. இதுல அஞ்சு உயிரு. அரை மணிக்கு ஒண்ணு வருதுன்னா அது முறைப் பாசனம்டா. தண்ணி முறை வர்ற வரைக்கும் கரையில குந்தியிருக்க வேண்டியதுதான்." மேலே இருப்பதைத் தொடாதே, கீழேயிருந்து உடை, மேலே இருப்பது தானாகச் சரியும் என்பது அவர் கண்டுபிடித்த தொழில் ரகசியம். ஒரு பைசா செலவு செய்ய மாட்டார். "காசு கேட்டா அது விளையாட்டு இல்ல, வட்டிக்கடை." ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடைச் சட்டம் நிறைவேற்றியது. அப்பா அந்தச் சட்டத்தை அதற்கு முன்பே தன் வீட்டில் அமல்படுத்திவிட்டார்.

நடுவில் ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்து மறந்துவிட்டார். பாத்திரம் கருகியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. வயசு, ஞாபக மறதி என்று என்னென்னமோ தோன்றியது. இந்த விளையாட்டு மூளைக்கு நல்லதா கெட்டதா என்று தேடிப் படித்தேன்.

2013-ல் 'நேச்சர்' பத்திரிகையில் அமெரிக்காவின் சான் ஃப்ரான்சிஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 60 முதல் 85 வயது வரை உள்ளவர்களுக்கு, கார் ஓட்டிக்கொண்டே சாலைக் குறிகளைக் கவனிக்கும் ஒரு வீடியோ கேமை ஒரு மாதம் பழக்கினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிப்பதில், பழகாத 20 வயசுப் பையன்களைப் பெரியவர்கள் மிஞ்சிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்தும் அந்தத் திறமை நின்றது. ஆகா என்று துள்ளினேன்.

துள்ளியது கொஞ்ச நேரம்தான். 2014-ல் சுமார் 70 விஞ்ஞானிகள் சேர்ந்து, இந்த மாதிரி விளையாட்டுகளை விற்பவர்கள் சொல்வதற்கெல்லாம் போதிய ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டார்கள். 2016-ல், மறதியைத் தள்ளிப்போடும் என்கிற தோரணையில் விளம்பரம் செய்த 'லூமாசிட்டி' கம்பெனி, அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. ஒரு விளையாட்டை ஆடினால் அந்த விளையாட்டு நன்றாக வரும். அது பால் பாத்திரத்தையும் ஞாபகப்படுத்துமா என்பதில்தான் சண்டை.

ஜப்பானில் ஹமாகோ மோரி என்று ஒரு பாட்டி. 1930-ல் பிறந்தவர். வீடியோ கேம் ஆடி யூடியூபில் போடுகிறவர்களிலேயே மூத்தவர் என்று 2020-ல், 90 வயசில், கின்னஸில் இடம்பிடித்தார். அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி:

"அந்தம்மாவுக்கு யாருடா உயிரு அனுப்புறா?"

போன ஆடியில் ஒரு நாள் போன் வரவில்லை. எட்டே முக்கால் தாண்டியது, ஒன்பது ஆனது. நான் அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். மாம்பலத்தில் இறங்கவேண்டியவன் பூங்காவில் இறங்கினேன். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அக்காவைப் பிடித்தேன். "ஒங்கப்பாவா? காவேரியில தண்ணி வந்திருக்குன்னு புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போனாரு தம்பி. போனுக்கு சார்ஜ் இல்லையாம்." ஸ்டேஷன் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஓர் உயிர் போய்த் திரும்பி வர அரை மணி நேரம் ஆகும் என்பது உண்மைதான்.

அந்த வெள்ளிக்கிழமையே உழவன் எக்ஸ்பிரஸ். தஞ்சாவூரில் இறங்கி, பஸ் பிடித்து, ஐந்து பாலம் தாண்டி வீட்டுக்குப் போனேன். அப்பா குளிக்கப் போயிருந்தார். திண்ணையில் அவர் போன் கிடந்தது. சும்மா திறந்து பார்த்தேன். ஐந்து உயிரும் நிரம்பியிருந்தன. நான் அனுப்பிய உயிர்கள், எடுத்துக்கொள்ளப்படாமல், வரிசையாக என் பெயரோடு காத்திருந்தன. பி.காம். மூளை உடனே கணக்குப் போட்டது. வரவு ஏராளம், செலவு பூஜ்யம்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அப்பாவிடம் நீட்டினேன். "என்னப்பா இது? அஞ்சும் இருக்கும்போதே ஏன் கேக்கறீங்க?"

அப்பா துண்டை உதறிக் கொடியில் போட்டார். "எப்படிடா இருக்கேன்னு கேட்டா, 'மீட்டிங்ல இருக்கேம்ப்பா'ன்னு வச்சிடுற. உயிரு கேட்டா உடனே அனுப்புறல்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. பேசாமல் ஏணியைப் போட்டுப் பரண் மேல் ஏறினேன். ஒட்டடையைத் தட்டி, பல்லாங்குழிப் பலகையை இறக்கினேன். புளியங்கொட்டை டப்பாவும் கூடவே இருந்தது. அப்பா கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மா உட்காரும் பக்கத்தை எனக்குக் காட்டிவிட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மூன்று ஆட்டம். மூன்றிலும் எனக்குத் தோல்வி. என் குழியில் நாலு சேர்ந்தால் அந்தப் 'பசு' எனக்குத்தான், ஆனால் அதை விழவிடவே மாட்டேன் என்கிறார் மனிதர். "பி.காம். படிச்சவன் எண்ணுற லட்சணமாடா இது? ஒங்கம்மா இருந்திருந்தா சிரிச்சிருப்பா" என்றார். மூளை மழுங்கியிருப்பது யாருக்கு என்பது எனக்கு அப்போது தெளிவாகிவிட்டது.

திங்கட்கிழமை. எட்டே முக்கால். அதே ட்ரெயின், அதே அக்குள். போன் கதறியது.

"டேய், ஒரு உயிர்..."

"அனுப்பறேம்ப்பா! சாப்பிட்டீங்களா? பாலை இறக்கி வச்சீங்களா?" என்று நானும் காவிரியின் அக்கரைக்குக் கேட்கிற குரலில் கத்தினேன்.

பக்கத்து ஆசாமி இன்னும் அரை அடி நகர்ந்துகொண்டார்.