அம்பத்தூரா, ஆவடியா, பூந்தமல்லியா?

சென்னைக்கு மேற்கே வீடு தேடும் குடும்பங்களில் இந்தப் பட்டிமன்றம் ஓய்வதே இல்லை.

அம்பத்தூரின் பலம், பக்கத்திலேயே வேலை. 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டையால் வளர்ந்த ஊர் அது. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. மனை விலையும் சென்னை விலையாகிவிட்டது.

ஆவடிக்கு அடையாளம், 1961-ல் அமைந்த டாங்க் தொழிற்சாலை. 2019-லிருந்து தனி மாநகராட்சி. சென்ட்ரல் போகும் மின்சார ரயில்களில் பல இங்கிருந்தே கிளம்புவதால், காலையில் உட்கார இடம் கிடைக்கும். அம்பத்தூரில் ஏறுபவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை! பிள்ளைகளுக்குப் பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா இருக்கிறது. தினமும் ரயிலில் போகிறவர் என்றால் ஆவடிக்கே ஓட்டு.

பூந்தமல்லி, திருக்கச்சி நம்பிகள் பிறந்த பழைய ஊர். ரயில் நிலையம் கிடையாது. கலங்கரை விளக்கத்திலிருந்து வரும் 26 கி.மீ. மெட்ரோ தடத்தை நம்பித்தான் அடுக்குமாடிகள் முளைக்கின்றன.

மூன்று ஊரும் ஏரிகள் சூழ்ந்தவை. 'லேக் வியூ' என்று புரோக்கர் சொன்னால் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தெருவுக்கு ஒருமுறை போய், 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். சுவரில் கை வைத்தே காட்டுவார்கள்.