பொட்டி தட்டுறதை விட்டுட்டு காயில் கட்டப் போகலாமா?

ஆபீஸ் கேன்டீன்ல இப்பல்லாம் ஆன்சைட், அப்ரைசல் பேச்சே குறைஞ்சு போச்சு மக்களே. 2025 ஜூலையில டி.சி.எஸ். தன்னோட ஆட்கள்ல 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல குறைக்கப் போறதா அறிவிச்சதுல இருந்து, எந்தக் கம்பெனிக்காரனைப் பார்த்தாலும் ஒரே புலம்பல். போதாக்குறைக்கு, 2024ல இயற்பியல் நோபல் வாங்கின ஜெஃப்ரி ஹின்டன், செயற்கை நுண்ணறிவுக்கு அஸ்திவாரம் போட்டவங்கள்ல ஒருத்தர், அடுத்த வருஷமே ஒரு பேட்டியில பிளம்பர் வேலை கத்துக்கச் சொல்லிட்டுப் போயிட்டார். உடனே நம்ம பயலுக "பேசாம எலக்ட்ரீசியன் ஆயிடலாம்டா"ன்னு ஆரம்பிச்சுட்டானுக. டீ ஆறுறதுக்குள்ள குடிச்சுட்டு மறுபடி ஆணி புடுங்கப் போயிடுவானுக :-)

என்னால அப்படிச் சிரிச்சுட்டுப் போக முடியலை. ஏன்னா எனக்கு அந்த வேலைக்கு நிஜமாவே ஒரு அழைப்பு வந்திருக்கு.

ஒரத்தநாட்டுல என் தாய்மாமா மோட்டார் காயில் கட்டுற பட்டறை வெச்சிருக்கார். கூடவே வீட்டு ஒயரிங்கும் உண்டு. முப்பது வருஷத் தொழில். இப்ப கண்ணு மங்குது, மெல்லிசு ஒயரைத் தடவித்தான் பார்க்கிறார். பொண்ணுங்க ரெண்டு பேரும் கல்யாணமாகி வெளியூர்ல இருக்காங்க. போன பொங்கலுக்குப் போனப்ப கேட்டார்: "மெட்ராஸ்ல கிடந்து அல்லாடுனது போதும் மாப்ள. பட்டறையை நீ பார்த்துக்கிறியா?"

தஞ்சாவூர்னாலே காவிரி கரைபுரண்டு ஓடும், மோட்டார் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். எங்க பக்கம் பாயுறது கல்லணைக் கால்வாய். 1934ல முடிஞ்ச மேட்டூர் அணைத் திட்டத்தோட சேர்த்து வெட்டினது, அதனால ஊர்ல புதுஆறும்பாங்க. மேட்டூரை ஜூன் 12ல திறக்கணும்னு வழக்கம். 2024ல ஜூலை 28 ஆயிடுச்சு. அந்த மாதிரி வருஷத்துல போர் இருக்கிறவனுக்குத்தான் குறுவை. போர்ல மோட்டார் நின்னா நாத்தங்கால் காயும். அப்ப மனுஷன் முதல்ல ஓடி வர்றது மாமா பட்டறைக்குத்தான்.

மோட்டார் ஏன் எரியுது? பெரும்பாலும் ஒரே கதைதான். மூணு பேஸ்ல ஒண்ணு போயிடும். ஓடிக்கிட்டு இருக்கிற மோட்டார் நிக்காது. அதே பாரத்தை மிச்ச ரெண்டு பேஸ்ல இழுக்கப் பார்க்கும். கரண்ட் கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் மடங்கு ஏறும். தடுக்கிற ரிலே சரியில்லைன்னா, இல்ல யாராவது அதை பைபாஸ் பண்ணி வெச்சிருந்தா, சூடு ஏறி ஒயர் மேல இருக்கிற பூச்சு கருகிடும். அப்புறம் காயில் மொத்தமும் புதுசாக் கட்டணும்.

கட்டுறதுன்னா கேட்ஜ் பார்க்கணும், எத்தனை சுத்துன்னு எண்ணணும், எந்த ஸ்லாட்ல போய் எந்த ஸ்லாட்ல திரும்புதுன்னு குறிக்கணும். எரிஞ்சு போன பழைய காயில்தான் டாகுமென்ட். அதுக்கு முன்னாடி ஒருத்தன் தப்பாக் கட்டியிருந்தா டாகுமென்ட்டே தப்பு. கமெண்ட் இல்லாத பழைய கோடைப் பார்த்துத் திட்டுற நம்ம பொழப்பு எவ்வளவோ பரவாயில்லை. தண்ணிக்குள்ள கிடக்கிற சப்மெர்சிபிளுக்கு வார்னிஷ் வேலைக்கு ஆகாது, பிளாஸ்டிக் சுத்தின தனி ஒயர். ஸ்லாட்டுக்குள்ள நுழைக்கிறப்ப அந்த உறையில ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு. மேல டெஸ்ட் பண்றப்ப ஓடும். போர்க்குள்ள இறக்கின பிறகு புட்டுக்கும். மறுபடி பைப்பைக் கழட்டி மேல ஏத்தணும், அந்த ஆள்கூலி யார் தலையில? நம்ம வேலையில ரோல்பேக்னு ஒண்ணு இருக்கு. இங்க அது கிடையாது.

ஒயரிங்ல இன்னும் மோசம், அங்க போறது ஒயர் இல்லை, உசுரு. மாமா எந்த வீட்டுக்குப் போனாலும் மெயின்ல இருக்கிற பீஸ் கட்டையைப் புடுங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் வேலையைத் தொடுவார். "ஆஃப் பண்ணியாச்சு மாமா"ன்னு நான் சொன்னா, "நீ ஆஃப் பண்ணின, வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா?"ம்பார். இதை எந்தப் புத்தகத்துலயும் படிச்சு அவர் கத்துக்கலை. அவருக்குக் கத்துக் கொடுத்தவர் பையிலயும் பீஸ் கட்டை இருந்திருக்கு, அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு எவ்வளவு மதிப்புன்னு எங்க ஊர் ஒரு தடவை பார்த்திருக்கு. 2018 நவம்பர் 16, கஜா புயல். தென்னையெல்லாம் வேரோட சாய்ஞ்சு கிடந்துச்சு. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல கரண்ட் கம்பம் போச்சு. கேரளாவுல இருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்து கழுத்தளவு வேலை பார்த்தாங்க. உள்ளடங்கின ஊர்களுக்கு வாரக்கணக்குல கரண்ட் இல்லை. ஜெனரேட்டரைக் கொண்டு வந்து மோட்டார்ல மாட்டித் தொட்டிக்குத் தண்ணி ஏத்தினாங்க. அப்ப மாமா பட்டறை வாசல்ல திருவிழாக் கூட்டம். அன்னைக்கு எல்லாருக்கும் அவர் "அண்ணே". கரண்ட் வந்து நாலு மாசம் கழிச்சு, "ஒரு காயிலுக்கா இவ்வளவு கேக்குற? அறுப்பு முடியட்டும் தர்றேன்." அவர் கடன் நோட்டைப் பார்த்தீங்கன்னா நம்ம கம்பெனி சி.எஃப்.ஓ.வுக்கு மயக்கம் வந்துடும்.

சரி, கடனும் மரியாதையும் இருக்கட்டும். எனக்கு உறைச்சது வேற விஷயம், காலம்.

நம்ம மாநிலத்துல மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுன்னு அரசு நடத்துது. அதை எழுதணும்னா ஒயரிங்ல அஞ்சு வருஷத்துக்குக் குறையாம அனுபவம் கேக்குறாங்க. அமெரிக்காவுல யூனியன் வழியா எலக்ட்ரீசியன் ஆகிறவனுக்கும் வழக்கமா அஞ்சு வருஷ அப்ரென்டிஸ், களத்துல மட்டும் 8,000 மணி நேரம். அவனுக்கு வருஷா வருஷம் சம்பளம் படியேறும், நம்ம ஆளுக்கு டீயும் பேட்டாவும், வித்தியாசம் அங்கதான். ஆனா காலக்கணக்குல ஒரத்தநாடும் ஒஹாயோவும் ஒண்ணுதான். கைக்கு அஞ்சு வருஷம் வேணும். இ.இ.இ. படிச்சவனுக்காவது மேற்பார்வையாளர் சான்றிதழுக்கு வழி இருக்கு. நான் படிச்ச கம்ப்யூட்டர் சயின்ஸ் இதுல அஞ்சு நாளைக் கூடக் குறைக்காது. ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் பிரிவு 2 வருஷம், அரசு ஐ.டி.ஐ.யில ஆண்களுக்கு 40 வயசு வரைக்கும் இடம் உண்டு. பதினாறு வயசுப் பசங்க பக்கத்துல உக்காரணும், அவ்வளவுதான்.

வேலையை விட்டுட்டுக் கைத்தொழிலுக்குப் போனவங்கள்ல நம்மாளுக அடிக்கடி சொல்ற உதாரணம் மேத்யூ கிராஃபோர்ட். சிகாகோ பல்கலைக்கழகத்துல அரசியல் தத்துவத்துல டாக்டர் பட்டம் வாங்கிட்டு, வாஷிங்டன்ல ஒரு ஆய்வு நிறுவனத்தை நடத்துற வேலையை அஞ்சே மாசத்துல உதறிட்டு, ரிச்மண்ட்ல பைக் மெக்கானிக் கடை போட்டவர். 2009ல அதைப் பத்தி எழுதின புத்தகம் பிரபலம். ஆனா அதே ஆள் பதினாலு வயசு நிறையறதுக்கு முன்னாடியே எலக்ட்ரீசியனுக்கு எடுபிடியாப் போனவர். அதை யாரும் சொல்றதில்லை. பட்டத்துல இருந்து பட்டறைக்கு அவர் தாவலை. ஏற்கெனவே பழகின கையை மறுபடி எடுத்தார்.

இப்ப பட்டறையில இருக்கிற அண்ணனைப் பத்திச் சொல்றேன். பதினேழு வயசுல மாமாகிட்ட வந்தார். பதினாலு வருஷம் ஆச்சு. மாமா கண்ணு மங்கின பிறகு காயில் இறக்குறது முழுக்க அவர் கைதான். உதவியாளர் தேர்வும் பாஸ் பண்ணிட்டார். என்னை விட மூணு வயசு மூத்தவர். ஆனா நான் மெட்ராஸ்ல பொட்டி தட்டுறவன்கிறதால என்னை "சார்"னுதான் கூப்பிடுவார். "பட்டறையைப் பார்த்துக்கிறியா"ன்னு மாமா கேட்டப்ப அவர் அங்கேயேதான் இருந்தார், ஸ்டேட்டருக்குள்ள குனிஞ்சபடி. நிமிரலை.

மாமாவுக்கு நான் மருமகன். அந்த உறவுல எனக்குக் கடை கிடைக்கலாம். அந்தக் கை கிடைக்காது. நான் முதலாளி நாற்காலியில உக்காந்தா, தெரிஞ்சவர் கூலிக்கும் தெரியாதவன் கல்லாவுக்கும்னு ஆயிடும். நம்ம டமேஜர்களைப் பத்தி வருஷக்கணக்கா நாம புலம்புறது இதைத்தானே?

போன வாரம் மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். பட்டறையை அந்த அண்ணன் பேருக்கு மாத்துங்க, வாடகையோ பங்கோ பேசிக்குங்க. வீட்டு லோன் இன்னும் பதினெட்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் மாசம் ரெண்டு சனி, ஞாயிறு வர்றேன், அவருக்கு எடுபிடியா. லோன் முடிஞ்சதும் வேலையை விடுறதான்னு அப்ப என் கையைப் பார்த்து முடிவு பண்றேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அவன் உன்னை வேலை ஏவுவான் மாப்ள, தாங்குவியா?"ன்னார். அம்மா பக்கத்துல இருந்து, "பொண்ணு வீட்டுல கேட்டா நான் என்னடா சொல்ல?"ன்னாங்க. ரெண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரியலை. அந்த அண்ணன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன், இனிமே சார் போடக் கூடாதுன்னு. "சரி சார்"னார்.

டிஸ்கி: உங்கள்ல யாராவது முப்பதை ஒட்டி இப்படி எடுபிடியாச் சேர்ந்திருந்தா, முதல் வருஷம் எப்படி ஓட்டினீங்கன்னு எழுதுங்க. வீட்டுல என்ன சொல்லிச் சமாளிச்சீங்கன்னும் சேர்த்து.