குழிக்கு முன்னே நின்ற பந்து

கோல்ஃப் மட்டையை நான் ஒருநாளும் கையால் தொட்டதில்லை. பாடசாலைச் சுற்றுலாவின்போது நுவரெலியா நகரின் நடுவே பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்த கோல்ஃப் மைதானத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். 1889ஆம் ஆண்டு, ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய கழகம் அது. நான் கண்ணால் கண்ட கோல்ஃப் அவ்வளவுதான். ஆனாலும் ஒரு வருடமாக ஒவ்வொரு வெள்ளி இரவும் நான் கோல்ஃப் ஆடுகிறேன். கைபேசியில், இணையவழியாக, கட்டாரில் வேலை செய்யும் என் நானாவுடன்.

எங்களுக்கு இரவு ஒன்பதரை என்றால் அங்கே ஏழு மணி. முதலில் உம்மா நானாவுடன் பேசுவார். காசு, மருந்து, ஒழுகும் கூரை என்று பேச்சு ஓடும். அதற்குப் பிறகுதான் என் முறை. அந்த அரை மணி நேரத்தில் மட்டும் நாங்கள் பழையபடி நானாவும் தங்கச்சியுமாக இருப்போம்.

தூரத்து வீச்சுகள் எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டன. என்னைக் கவிழ்த்தது பட்டிங். கிரிக்கெட் துடுப்பாட்டம் அல்ல இது. குழியைச் சுற்றியுள்ள, புல்லை ஒட்ட வெட்டிய தரையில் பந்தை மெதுவாக உருட்டிக் குழிக்குள் விழுத்துவதற்குத்தான் அந்தப் பெயர். 250 யார் பறக்கும் வீச்சும் கணக்கில் ஒன்று, மூன்று அடி உருளும் பந்தும் கணக்கில் ஒன்று. பதினெட்டுக் குழிகளுக்கு 72 வீச்சு என்று வகுத்த மைதானத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 வீச்சு பட்டிங்குக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். பாதி விளையாட்டு அங்கேதான் இருக்கிறது. அந்தப் பாதியில்தான் நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

தோற்கும்போதெல்லாம் கைபேசியைக் குறை சொன்னேன், சிக்னலைக் குறை சொன்னேன். ஒருநாள் நானா கேட்டார்: "தங்கச்சி, உண்ட பந்து எங்க போய் நிக்கிது எண்டு எப்பயாவது பாத்திருக்கியா?"

நான் பார்த்ததே இல்லை. தவறியதும் எரிச்சலில் அடுத்ததை அடித்துவிடுவேன்.

அன்றிலிருந்து பௌதிகவியல் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். எத்தனை அடி தூரம், ஏற்றமா இறக்கமா, சரிவு எந்தப் பக்கம், எவ்வளவு பலம் கொடுத்தேன், பந்து எங்கே நின்றது. தவறிய அறுபது பந்துகளை எழுதிய பிறகு எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு பந்துகள் குழிக்கு முன்னாலேயே நின்றிருந்தன. இடம் வலமாக விலகியவை சொற்பம். நான் இத்தனை நாளும் திசையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். குழிவரை போகாத பந்துக்குத் திசை சரியாக இருந்தும் என்ன பயன்?

குழியைத் தாண்டிப் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். பந்தின் விட்டம் சுமார் 43 மில்லிமீற்றர். குழியின் மேலாகப் போகும்போது பந்து தன் ஆரையளவாவது கீழே இறங்கினால் எதிர் விளிம்பில் பட்டு உள்ளே விழும். உயர்தர வகுப்பில் நாங்கள் செய்யும் எறியக் கணக்குத்தான் இது. விடை விநாடிக்கு ஏறத்தாழ 1.3 மீற்றர் என்று வந்தது. குழியின் நடுவை நோக்கி வரும் பந்து, குழி இல்லாவிட்டால் இன்னும் சில அடிகள் ஓடியிருக்கக்கூடிய வேகத்தில் வந்தாலும் விழுந்துவிடும். ஆகவே ஓரடி, ஒன்றரை அடி தாண்டும் அளவுக்குப் பலம் கொடுப்பது துணிச்சல் அல்ல, சரியான கணக்கு.

மற்றவை ஒவ்வொன்றாக விளங்கின. திரையில் புல்லின் மேல் கட்டங்கள் தெரியும். அவற்றின் கோடுகளில் சிறு புள்ளிகள் ஊரும். அவை ஊரும் பக்கம்தான் சரிவு, வேகமாக ஊர்ந்தால் சரிவு அதிகம். பலம் காட்டும் அளவுகோல் சமதரைக்கு உரியது. ஏற்றம் என்றால் கூட்ட வேண்டும், இறக்கம் என்றால் குறைக்க வேண்டும். பந்து வேகமாக ஓடும்போது குறைவாகவும், வேகம் குறையக் குறைய அதிகமாகவும் வளையும். அதனால் பந்துக்கு அருகிலுள்ள சரிவைவிடக் குழிக்கு அருகிலுள்ள சரிவையே கவனிக்க வேண்டும். பலத்தை முடிவு செய்யாமல் திசையை முடிவு செய்யவும் முடியாது. ஒரே சரிவில் மெதுவான பந்துக்கு ஒரு பாதை, வேகமான பந்துக்கு வேறொரு பாதை.

எல்லாவற்றிலும் கடைசியாக விளங்கியது, பட்டிங் அதற்கு முந்திய வீச்சிலேயே தொடங்கிவிடுகிறது என்பது. குழியின் மேட்டுப் பக்கத்தில் பந்தை நிறுத்தினால் இறக்கத்தில் நடுங்கி நடுங்கி உருட்ட வேண்டும். பள்ளப் பக்கத்தில் நிறுத்தினால் ஏற்றத்தில் தைரியமாக உருட்டலாம். அருகில் நிறுத்துவது மட்டும் போதாது, எந்தப் பக்கம் நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம்.

இரண்டு மாதத்தில் நான் நானாவை வெல்லத் தொடங்கினேன். உம்மாவிடம் பெருமை அடித்தேன். மூன்றாவது தடவை வென்ற இரவுதான் ஒன்றைக் கவனித்தேன். சமதரையில் இரண்டு அடித் தூரத்திலிருந்து நானாவின் பந்து ஒரு சாண் விலகிப் போனது. அதே ஆட்டத்தில் இன்னொரு முறையும் அப்படியே. அறுபது தவறுகளை எழுதி வைத்தவள் நான். அப்படி ஒரு தவறு என் கொப்பியில்கூட இல்லை.

"நானா, வேணுமெண்டுதானே விட்டீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: "சோதினைக்குப் படிக்கிற புள்ள. சந்தோஷமா இருக்கட்டும் எண்டுதான்..."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாப்பா வபாத்தான பிறகு தன் படிப்பை விட்டுவிட்டு எனக்காகக் கடல் கடந்து போனவர், விளையாட்டிலும் எனக்காகவே விட்டுக்கொடுக்கிறார். அந்தச் சந்தோஷம் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

"அப்புடித் தந்து நான் வெல்லத் தேவல்ல நானா. நீங்க ஒழுங்கா வெளயாடுங்க. நான் தோத்தாலும் பரவால்ல."

அடுத்த வெள்ளி அவர் ஒழுங்காகவே ஆடினார். கடைசிக் குழியில் அவர் ஒன்று முன்னே நின்றார். எனக்குப் பன்னிரண்டு அடி, ஏற்றம், இலேசான இடச்சரிவு. சமமாக வேண்டும் என்றால் ஒரே உருட்டலில் விழ வேண்டும். கட்டங்களைப் பார்த்தேன். பலத்தை முடிவு செய்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொட்டேன். பந்து ஏறிப் போய்க் குழியின் விளிம்பை உரசி, ஓரடி தாண்டி நின்றது.

நான் தோற்றுவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து நானாவின் சிரிப்புக் கேட்டது.

"தங்கச்சி, உண்ட பந்து குழியத் தாண்டிட்டு. இனி நான்தான் பயப்படோணும்."

இரண்டாம் தவணைப் பௌதிகவியல் பரீட்சையில், பிழைத்துவிடுமோ என்ற பயத்தில் நான்கு வினாக்களை வெறுமையாக விட்டவள் நான். மூன்றாம் தவணையில் ஒன்றையும் விடவில்லை. எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் பிழைத்த ஒவ்வொன்றும் எங்கே பிழைத்தது என்று இப்போது கொப்பியின் பின்பக்கத்தில் இருக்கிறது, பந்துகளின் கணக்குக்குக் கீழே.