கயிறு பிடிக்கத் தெரியுமா?

'கூட்டிட்டுப் போய் லாடம் கட்டிட்டாங்க சார்.'

நிருபராக ஊர் சுற்றிய நாட்களில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். உள்ளங்காலில் லத்தியால் அடிப்பதற்கு நம்மூரில் அப்படி ஒரு பெயர். நிஜமான லாடத்தை, நிஜமான குதிரைக்கு அடிப்பதைப் பார்க்க நாற்பது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது. பார்த்தேன் என்று மட்டும் சொன்னால் பொய். கயிறும் பிடித்தேன். அதுதான் வினை.

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் தோட்டம் வாங்கினான். தோட்டம் வாங்குகிறவர்கள் வழக்கமாக நாய் வளர்ப்பார்கள். இவன் குதிரை வளர்க்கிறான். ரேஸில் ஓடி ரிடையரான குதிரை. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை அதற்கு லாடம் மாற்ற, ஒரு பெரியவர் பழைய டூவீலரில் வருவார். எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

'லாடம் தேயாமலே ஏன் மாத்தணும்? இவருக்கு வருமானம் வர்றதுக்கா?' என்று ஒரு கணக்குப்பிள்ளைக் கேள்வி கேட்டேன். பாய் கோபப்படவில்லை. 'உங்க நகம் வளருதா இல்லையா சார்?' என்றார்.

குளம்பும் நகம் மாதிரிதான். மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வரை வளர்கிறது. அதை வெட்டிச் சீவாமல் விட்டால் குதிரை கால் ஊன்றும் கோணமே மாறிப்போகும். ஒரு லாடத்துக்கு ஆறிலிருந்து எட்டு ஆணி. குளம்பின் வெளிச்சுவரில் இறங்கினால் வலியே கிடையாது. சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இறங்கினால் உயிர்ச்சதை, குதிரை நொண்டும். சுத்தியல் சத்தம் மாறுவதை வைத்தே ஆணி எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். மாட்டுக்கு லாடம் அடிப்பதென்றால் கயிறு போட்டுப் படுக்க வைத்துவிடலாம். குதிரை நின்றுகொண்டிருக்கும். 400 கிலோவுக்கு மேல் எடையுள்ள மிருகத்தின் காலைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு மனிதர் வேலை பார்க்க வேண்டும்.

அன்றைக்குக் குதிரைக்காரப் பையன் லீவு. நண்பன் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுக் காபி போட உள்ளே போய்விட்டான்.

இரண்டு கால் முடிந்தது. மூன்றாவது காலில் ஆணி இறங்கி, அதன் கூர்முனை குளம்புக்கு வெளியே எட்டிப் பார்த்த நேரம். அதை முறித்து மடக்குவதற்குள் என் செல்போன் அடித்தது. எடுத்தேன். 'ஹலோ' சொல்வதற்காக ஒரு கை கயிற்றை விட்டது. குதிரை தலையைத் திருப்பிக் காலை வெடுக்கென்று இழுத்தது.

பாயின் உள்ளங்கையில் அந்த ஆணி நீளமாகக் கோடு கிழித்துவிட்டது.

அவர் கத்தவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு முதலில் குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். எனக்குத்தான் கால் நடுங்கியது. காரில் கிளினிக்குக் கூட்டிப் போனேன். ஐந்து தையல், ஒரு டி.டி. ஊசி. 'ஒரு வாரத்துக்குச் சுத்தியலைத் தொடக் கூடாது' என்றார் டாக்டர்.

வாசலில் வைத்துப் பர்ஸைத் திறந்தேன். ஒரு வார வேலை, எத்தனை குதிரை, எவ்வளவு நஷ்டம்? மனசுக்குள் பெருக்கிப் பார்த்து ஒரு தொகையை நீட்டினேன். பாய் கூலியை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

'ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தீங்க, ஊசி போட வெச்சீங்க. அது சரி, வாங்கிக்கிட்டேன். காயத்துக்குக் காசு வேணாம் சார். அதுக்கும் ஒரு ரேட்டு இருக்குன்னு ஆயிட்டா, நாளைக்கு எவனும் கயிற ஒழுங்கா புடிக்க மாட்டான்.'

மூன்று வருஷம் காமர்ஸ் படித்தேன். எதற்கும் ஒரு விலை உண்டு என்று சொல்லிக் கொடுத்தார்கள். விலை வைக்கக் கூடாதது எது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது இன்னொன்றும் தெரிந்தது. நண்பன் முந்தைய இரண்டு தடவைக்கும் காசு கொடுக்கவில்லை. 'சேர்த்துக் குடுத்துடலாம்னு...' என்று இழுத்தான். டி.வி.க்குத் தவணை கட்டாவிட்டால் டி.வி.யைத் தூக்கிக்கொண்டு போகலாம். பாய் என்ன செய்வார்? லாடத்தைப் பிடுங்கிக்கொண்டு போவாரா? தண்டனை குதிரைக்கல்லவா? அவர் அப்படிச் செய்ய மாட்டார் என்ற தைரியத்தில்தான் நாம் பாக்கி வைக்கிறோம். பேரம் பேசுவதானால் வேலைக்கு முன்னால் பேசுங்கள். வேர்வையோடு நிற்கிறவரிடம், 'பார்த்துக் குறைச்சுக்குங்க' என்பது அநாகரிகம்.

இந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை எழுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ. இங்கே ஆண்ட அரசர்கள் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் வெளிநாட்டுக் குதிரைகளை வாங்குகிறார்கள்; வருஷம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன; காரணம், குதிரைகளுக்கு லாடமும் வைத்தியமும் பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை என்கிறார். அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாமல் குதிரை வியாபாரிகளே தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்! கொட்டிக் கொடுத்த தங்கமெல்லாம், ஒரு பாய் இல்லாததால் கடல் தாண்டிப் போனது.

அடுத்த ஆறு வாரம் கழித்து நானாகவே போனேன். தரையைக் கூட்டி, நிழலில் குதிரையைக் கட்டி, குளம்பை முன்கூட்டியே கழுவித் துடைத்து வைத்திருந்தோம். நண்பன் பழைய பாக்கியை முதலிலேயே கவரில் போட்டுக் கொடுத்துவிட்டான். கயிறு என் கையில். பாய் குனிவதற்கு முன் நிமிர்ந்து பார்த்தார்.

'போனு?'

'கார்ல இருக்கு பாய்.'

சிரித்துக்கொண்டே காலைத் தூக்கினார். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

உங்கள் வீட்டில் குதிரை இருக்காது. தெரியும். ஆனால் ஏணி இருக்கும். அடுத்த தடவை எலெக்ட்ரீஷியன் மேலே ஏறிக்கொண்டு, 'சார், கொஞ்சம் புடிச்சுக்குங்க' என்று சொல்லும்போது, போனை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள்.