கப்பலேறிப் போன கறி

கோலாலம்பூர்ல ஹோட்டல் வச்சிருக்கிற எங்க மாமா கீழக்கரைக்கு வந்தா முதல்ல கேக்கறது மாட்டுக்கறிதான். "ஏன் மாமா, அங்கதான் இந்தியாக் கறி கெடைக்குதே?"ன்னேன். "அது அட்டைப்பெட்டியில வர்ற ஐஸ் எருமை, மருமகனே!"

வாஸ்தவம். பசு இறைச்சி ஏற்றுமதிக்கு நம்ம நாட்டுல தடை. எலும்பு நீக்கி உறையவச்ச எருமைக்கறிதான் மலேசியா, எகிப்து, வியட்நாம்னு போகுது. 2016லிருந்து இந்தோனேசியாவும் வாங்குது. ஆஸ்திரேலியக் கறியைவிட விலை கம்மி, ஹலால் வேற.

2017 மே மாசம், நோன்பு ஆரம்பிக்கிற நேரம். சந்தையில மாடு, எருமையை வெட்டுக்கு விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு விதி போட்டுச்சு. (மே 30ல மதுரைக் கிளை இடைக்காலத் தடை கொடுத்தது, 2018ல அந்த விதியைத் தளர்த்தி வரைவு வந்துச்சு.) அந்த நாலு நாளும் எங்க தெரு கறிக்கடைக்காரர் பயந்து பூட்டிட்டார். பையோட திரும்பி வந்த மாமா, "கோலாலம்பூர்லயே இருந்திருக்கலாம் போல"ன்னார்.