“கிச்சனுக்குள்ள நின்னு அடிக்காதீங்க அக்கா!”

ராசிபுரத்தில் பத்தாம் வகுப்பு படித்தபோது அவர் பள்ளிப் பூப்பந்து அணியில் ஆடியவர். மஞ்சள் கம்பளிப் பந்தைத் தரையில் விழவிடாமல் அடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் கையிலேயே தங்கிவிட்டது. பிறகு கல்யாணம், குடும்பம். இப்போது 46 வயது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. “தினமும் நடங்க” என்றார் டாக்டர். நடந்தால் அவருக்கு போர் அடிக்கிறது. சேலத்தில் வேலை பார்க்கும் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிக்கிள்பால் ஆட இழுத்துப் போனாள்.

நடிகை சமந்தா சென்னை அணியை வாங்கிய பிறகு நம் ஊர்ப்பக்கமும் அடிபடும் பெயர் இது. 1965-ல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில், இறகுப்பந்து மட்டை கிடைக்காமல் டேபிள் டென்னிஸ் மட்டையை வைத்து ஒப்பேற்றியதில் பிறந்த ஆட்டம். 44-க்கு 20 அடி ஆடுகளம். இறகுப்பந்து இரட்டையர் களத்தின் அதே அளவு. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து.

சர்வீஸ் சுலபமாக வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழிருந்து, குறுக்கே எதிர்க்கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். சிக்கல் அடுத்ததில்தான். சர்வீஸ் பந்து எதிராளி பக்கம் ஒருமுறை தரையில் பட வேண்டும். அவர் திருப்பி அடித்தது நம் பக்கமும் ஒருமுறை பட வேண்டும். அதன் பிறகே அந்தரத்தில் அடிக்கலாம். அவர் கை காத்திருந்தால்தானே? மூன்று முறை பாய்ந்து அடித்தார், மூன்றும் ஃபவுல்.

“அம்மா, விழட்டும் விடு!” என்று கத்தினாள் மகள்.

அடுத்தது கிச்சன். வலைக்கு இருபுறமும் 7 அடி. அங்கே காலே வைக்கக் கூடாது என்று புதியவர்கள் பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. தரையில் பட்டு எழும்பிய பந்தை உள்ளே போய் அடிக்கலாம். அந்தரத்தில் வரும் பந்தை மட்டும் அங்கே நின்று அடிக்கக் கூடாது. அடித்த வேகத்தில் உள்ளே கால் போனாலும் தப்புதான். அடுப்படியை விட்டு அரைநாள் தப்பி வந்தவரை அதே பெயரில் ஒரு கோடு மறித்தது கொஞ்சம் குறும்புதான்!

11 புள்ளி எடுத்தால் ஜெயம். ஆனால் 2 புள்ளி வித்தியாசம் வேண்டும். சர்வீஸ் போடும் பக்கத்துக்குத்தான் புள்ளி. அவர் 4-11 என்று தோற்றார். அந்த நான்கில் ஒன்று, வலையோரம் அவர் அந்தரத்தில் வெட்டிய பந்து. கால் கோட்டுக்கு வெளியே சரியாக நின்றிருந்தது.

“நீ இப்படி ஆடுவேன்னு சொன்னதே இல்லையேம்மா?”

“யாரு கேட்டீங்க கண்ணு?”

மகள் பதில் சொல்லவில்லை. வாக்கிங் ஷூ பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்காலைத் தாங்காது என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ராசிபுரம் பஸ் ஏறும் முன் இருவரும் ஷூ கடைக்குள் நுழைந்தார்கள். விலையைக் கேட்டதும் வழக்கம்போல “வேண்டாம் வா” என்று அம்மா சொல்வார் என மகள் நினைத்தாள். அவரோ உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.